அஞ்சு வோல்ட்

— இப்போ?

— அஞ்சு.

— ஒயரை ஆட்டுறேன்... இப்போ?

— அஞ்சுதான். பேசாம ஆட்டு.

— பேசாம எப்படிங்க கேக்குறது? இப்போ?

— அஞ்சு... அஞ்சு... அசையவே இல்ல.

— அப்ப வால்வுக்குப் போற கரண்ட் சரியா இருக்குன்னு சொல்றீங்க.

— அதத்தானே போன வாரமும் சொன்னேன். ஒயரிங்ல ஒரு குத்தமும் இல்ல.

— நீங்க சொன்னீங்கன்னுதான் அந்த இ.ஜி.ஆர் வால்வையே கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டினோம். என்னாச்சு? வாத்தியார் வண்டி மேட்டுல மறுபடி நின்னுபோச்சு, இஞ்சின் கோளாறு லைட்டு மறுபடி எரியுது.

— புகையத் திருப்பி இஞ்சினுக்குள்ள விடுற வால்வு அது. அது பாட்டுக்குத் திறந்தே நின்னா வண்டி எப்படி இழுக்கும்? புதுசும் மட்டமா இருக்கும்.

— ரெண்டுமா?

— ...வாத்தியார் திட்டினாரா?

— திட்டியிருந்தா பரவாயில்ல. "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லயாம்மா"ன்னு கேட்டாரு.

— எனக்கென்ன... குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. பானெட்டுக்குள்ள குனிஞ்சே இடுப்பு விட்டுப்போச்சு.

— அப்ப நீ வந்து சீட்டுல உக்காரு. நான் ஆட்டுறேன்.

— வேணாம். நீங்க மீட்டரையே பிடிங்க. குமிழைத் திருகலையே?

— நீதான் செட் பண்ணித் தந்திருக்கேன், தொடாதீங்கன்னியே. தொடல.

— சரி. பச்சை ஒயருக்கு மாத்திட்டேன். வால்வு மூடியிருக்கு. எவ்ளோ காட்டுது?

— ...ஒண்ணு. ஒண்ணுக்குக் கொஞ்சம் கம்மி.

— கொஞ்சம்னா?

— கொஞ்சம்னா கொஞ்சம். நான் என்ன கோர்ட்டுலயா நிக்கிறேன்?

— புள்ளிக்கு அப்புறம் என்ன இருக்குன்னு படிங்களேன்.

— வெயிலு மீட்டர் மேல அடிக்குது. தெரியல.

— மேகம் மூடியிருக்குங்க.

— ...மீட்டரு பழசு. எழுத்து மங்கிப்போச்சு.

— ஒயரிங் படத்தையும் என்னையே படிக்கச் சொன்னீங்க. அதுவும் மங்கிப்போச்சா?

— பொடி எழுத்து, யாருக்குத் தெரியும்? நீ வண்டியப் பாக்குறியா, என்னைப் பாக்குறியா?

— ரெண்டையும்தான் பாத்துட்டு இருக்கேன்.

— ஆரம்பிச்சிட்டியா...

— இல்ல, முடிச்சிட்டேன். இறங்கி வாங்க. கோளாறு இங்க இருக்கு.

— எங்க?

— பேட்டரித் தட்டுக்கு அடியில. கையக் குடுங்க... இந்த ஒயரு. மேல தோலு நல்லாத்தான் இருக்கு, உள்ள கம்பி அறுந்து கிடக்கு. ஒரு நேரம் ஒட்டும், ஒரு நேரம் விலகும்.

— ...ஆமா. இந்த இடத்துல மட்டும் தொளதொளன்னு நெளியுது. பாவம், பழைய வால்வு மேல தப்பே இல்ல. எப்படிக் கண்டுபிடிச்ச?

— நேத்து நீங்க டீ குடிக்கப் போனப்ப தனியா சோதிச்சேன். இதத் தொட்டதும் அஞ்சு பூஜ்யமாப் போச்சு.

— நேத்தேவா? அப்புறம் எதுக்கு இன்னைக்கு என்னைய உக்கார வெச்சு இந்தக் கூத்து?

— நீங்களா வாயத் திறந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன்.

— என்னத்தச் சொல்லணும்? கேட்டதுக்கெல்லாம் சொன்னேனே.

— சொன்னீங்க. நல்ல வண்டியில என்ன வரணுமோ அத அப்படியே சொன்னீங்க. ஒண்ணுகூட தப்பில்ல. தொழில் அவ்ளோ ஊறிப்போயிருக்கு.

— அப்புறம் என்ன உனக்குக் கோவம்?

— கோவம் இல்லங்க. பயமா இருக்கு. இப்ப இந்த ஒயரை ஒட்டவெச்சதும், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறேன்னு கிளம்புவீங்க. நம்ம பாப்பாவ வேற பக்கத்துல ஏத்திக்குவீங்க. சாவியக் குடுங்க.

— எதுக்கு சாவி? மீட்டர்ல என்ன தெரிஞ்சுதோ அதத்தானே சொன்னேன்...

— மீட்டரை நான் ஆன் பண்ணவே இல்லீங்க.