எங்கள் தெருவுக்கும் ஒரு வாங்கு

நம் தெருத் தமிழரின் இப்புத்தாண்டு விழாவின் தலைவி, இந்த ஒஸ்லோ மண்ணிலேயே பிறந்து இன்தமிழில் எங்களை அதட்டும் ஆரணி அவர்களே! பனிக்கும் அஞ்சாமல், முழங்கால் பிடிப்புக்கும் அஞ்சாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! விடியமுன் எழுந்து வடை சுட்டு, 'இவன் எப்போது முடிப்பான், நாங்கள் எப்போது பரிமாறுவது' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரே! கண்ணைக் கைபேசிக்குக் கொடுத்தாலும் காதை எனக்குத் தந்திருக்கும் இளையோரே! மண்டப வாசலை மறித்து வாகனத்தை நிறுத்திவிட்டு, 'இரண்டு நிமிடம்தானே' என்று உள்ளே வந்து ஒரு மணி நேரமாய் அமர்ந்திருக்கும் அன்பர்களே! உங்கள் அனைவரையும் இந்தத் தர்மலிங்கம் தாழ்ந்து வணங்குகிறேன்.

'தெருக்கள் யாருக்கு?' என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். பத்துப் பக்கம் எழுதினேன். மேடையேறும்போது மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். இன்று நான் பேசப்போவது பொறாமையைப் பற்றி. ஊரார் பொறாமையை அன்று, அவையோரே, என் பொறாமையை!

இந்தக் குரோருட் வட்டாரத்தில் நம் தெருவுக்கு அடுத்த தெருவைப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று ஆண்டுகளுக்கு முன் அது எப்படி இருந்தது? நம் தெருவைப்போலவே இரு கரையும் வாகனம், இடையில் இரைச்சல். இன்று எப்படி இருக்கிறது? வாகனம் வழிவிட்டு வெளியே நிற்கிறது. மரம் நிற்கிறது, மலர் நிற்கிறது, மழலை ஓடுகிறது! பனிக்காலத்தில் சறுக்குப்பலகை, வெயில்காலத்தில் சதுரங்கப்பலகை! நடுவிலே நீளமாய், நேர்த்தியாய், நாலு பேர் சாய்ந்திருக்க ஒரு மர வாங்கு! அந்த வாங்கைக் காணும்போதெல்லாம் என் வயிறு பற்றி எரிகிறது ஐயா, பற்றி எரிகிறது!

பின்னாலே யார் சிரிப்பது? குலேந்திரனா? சிரி தம்பி, சிரி. உன் முறையும் வருகிறது.

அந்தத் தெருவை அப்படி ஆக்கியவர் யார்? என் நண்பர் ஸ்ரனிஸ்லாஸ். எண்பத்தேழாம் ஆண்டு, வடகோடியிலே, பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர்கள் நாங்கள். நான் ஒரு பெட்டி முடிக்குமுன் அவர் ஒன்றரைப் பெட்டி முடித்துவிடுவார். முள்ளும் இராது, முகச்சுளிப்பும் இராது. அன்று பிடித்த எரிச்சல் எனக்கு. அவர் வடக்கிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தார், நானும் வந்தேன். அவர் வீடு வாங்கினார், நானும் வாங்கினேன். ஆனால் தெரு? தெருவை எந்தக் கடையிலே வாங்குவது?

அதையும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது. என் மனைவி புஷ்பமலர், அதோ மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து இருக்கிறா, பின்னேரமானால் அந்த வாங்குக்குப் போகத் தொடங்கினா. ஸ்ரனிஸ்லாஸின் மனைவி வசந்தமலர் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி கொண்டுவருவா. சோமாலியப் பெண்கள் வருவார்கள், நோர்வேஜியக் கிழவிகள் வருவார்கள். ஒருநாள் மறைந்துநின்று பார்த்தேன். என் மனைவி சிரிக்கிறா! வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரிக்கிறா! என்னோடு நாளொன்றுக்கு நாலு சொல் கதைப்பவ, அங்கே நாற்பது பேரோடு கதைக்கிறா!

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உமக்கு இஞ்சை இருக்க இடமில்லையோ? ஏன் அங்கை போறீர்?"

"இஞ்சருங்கோ, இஞ்சை எங்கை இருக்கிறது? உங்கடை காருக்கு மேலையோ?" என்றா.

நான் என்ன செய்தேன்? வாகனத்தைத் துடைக்கப் போய்விட்டேன்!

சபையோரே, இப்போது ஓர் உண்மை. அந்த மரமும் மலரும் வாங்கும் முதன்முதலில் எந்தத் தெருவுக்கு வரவிருந்தன தெரியுமா? நம் தெருவுக்கு! நகரசபை முதல் கடிதம் எழுதியது நமக்கு! பதினான்கு வாகனத் தரிப்பிடங்களை எடுத்துவிட்டு மனிதருக்கு இடம் தருகிறோம் என்று எழுதியது நமக்கு! அதை வேண்டாம் என்றது யார்? வீடுவீடாய் ஏறியிறங்கி நாற்பத்துமூன்று கையெழுத்து வாங்கியது யார்? நான்தான்!

ஏன் வேண்டாம் என்றேன்? "நாளைக்கு ஒரு பிள்ளை பெரிசாகிச் சாமத்தியவீடு வந்தால், பேர்கனிலையிருந்து வாற சனம் காரை எங்கை விடுறது?" என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினீர்கள். முதல் கையெழுத்து யாருடையது? குலேந்திரா, இப்போது ஏன் சிரிப்பைக் காணவில்லை? என்றோ ஒருநாள் வரப்போகும் விருந்தாளியின் வாகனத்துக்காக, என்றும் இருக்கும் நம் பிள்ளைகளின் முற்றத்தை விட்டுக்கொடுத்த சனம் நாங்கள்! நான் தள்ளிவிட்டதை ஸ்ரனிஸ்லாஸ் ஏந்திக்கொண்டார். ஏந்தியவர்மேல் எனக்கு எரிச்சல். நியாயமா? இல்லை. ஆனால் எரிந்தது.

ஆரணி பிள்ளை, கொஞ்சம் தண்ணீர் தாரும்.

தை மாதம் புஷ்பமலரின் கை முறிந்தது உங்களுக்குத் தெரியும். பனியில் வழுக்கி விழுந்தா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து பார்த்தீர்கள். ஸ்ரனிஸ்லாஸும் வந்து அரை மணி நேரம் ஆறுதல் சொன்னார். அவ வழுக்கி விழவில்லை.

அன்று பின்னேரம் பால் வாங்கப் புறப்பட்டேன். கடைக்கு ஏழு நிமிட நடை. நடந்தேனா? தர்மலிங்கம் நடப்பானா? வாகனத்தின் முன்கண்ணாடியில் மட்டும் உறைபனியைச் சுரண்டினேன். பின்கண்ணாடியை விட்டுவிட்டேன், இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்க! நடைபாதையில் குவித்த பனி இடுப்பளவு. அதனால் அவ தெருவிலே இறங்கி, அந்த வாங்கை நோக்கி நடந்துகொண்டிருந்தா. நான் வாகனத்தைப் பின்னுக்கு எடுத்தேன். நாற்பத்துமூன்று கையெழுத்து வாங்கிக் காப்பாற்றிய அதே தரிப்பிடத்திலிருந்து எடுத்தேன். ஒரு சத்தம் கேட்டது. இறங்கி ஓடினேன். பனியிலே என் மனைவி கிடந்தா.

மருத்துவமனையில் தாதி கேட்டா, எப்படி நடந்தது என்று. நான் வாயைத் திறக்குமுன் அவ சொன்னா, வழுக்கிவிட்டேன் என்று. பிறகு என் காதோடு தமிழில், "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. சனம் உங்களைத்தான் பேசும்" என்றா.

மூன்று மாதம் சொல்லாமல் இருந்தேன். அந்தக் கையால் இன்னும் தேங்காய் துருவ முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை. எனக்காகப் பொய் சொன்னவவை ஊர் 'கவனமில்லாதவ' என்று பேசியது. கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கம் கெட்டவன், கேட்டுக்கொண்டே இருந்தேன்!

இன்று ஆரணியின் கையில் நகரசபையின் இரண்டாவது கடிதம் இருக்கிறது. அதே பதினான்கு இடங்கள், அதே கேள்வி. திங்கட்கிழமைக்குள் பதில் போகவேண்டும். தெருவின் பெரும்பான்மை சம்மதித்தால் வேலை தொடங்கும். மறுத்தால் மூன்றாம் தெருவுக்குப் போகும். பிறகு நான் இரண்டு தெருக்களைப் பார்த்து எரியவேண்டும், என் வயிறு தாங்காது!

தெரு யாருக்கு? தரித்து நிற்கும் தகரத்துக்கா, தவழ்ந்து எழும் குழந்தைக்கா? ஊன்றுகோலோடு உலாவ வரும் மூத்தவருக்கா, ஓட்டுநரில்லாமல் உறங்கும் வாகனத்துக்கா? எடுக்கப்படும் முதல் தரிப்பிடம் என்னுடையதாக இருக்கட்டும்! நல்லவனாகிவிட்டேன் என்று எண்ணவேண்டாம். என் பொறாமை அப்படியே இருக்கிறது. எனக்கு அவர்களுடையதிலும் நீளமான வாங்கு வேண்டும்! ஸ்ரனிஸ்லாஸ் நம் தெருவால் நடந்துபோகும்போது அவர் வயிறு எரியவேண்டும்! என் மனைவி என் வாசலில் இருந்து சிரிக்கவேண்டும், அதை நான் மறைந்துநிற்காமல் பார்க்கவேண்டும்!

சம்மதம் என்போர் கையை உயர்த்துங்கள்! முன்வரிசை உயர்த்துகிறது. தாய்மார் உயர்த்துகிறார்கள். குலேந்திரா, நீயுமா? வாழ்க! ஆரணி, எண்ணுங்கள். மூன்றாம் வரிசையில் மட்டும்... புஷ்பமலர், ஏன் உயர்த்தவில்லை? நோகுதோ? மற்றக் கையை உயர்த்துமன். என்ன சொல்கிறீர்? ஒலிவாங்கியை அவவிடம் கொடுங்கள்.

"எல்லாரையும் உயர்த்தச் சொல்லுறியள். உங்கடை கை இன்னும் கீழைதானே கிடக்குது?"

உண்மைதான். மன்னியுங்கள், அவையோரே. இதோ உயர்த்திவிட்டேன். அங்கே அவவும் உயர்த்துகிறா, முறிந்த கையையே உயர்த்துகிறா. பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வடை ஆறுமுன் விடைபெறுகிறேன். வணக்கம்.