சந்துப் பக்கத்துக் கதவு

இந்த ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் ஐயா, கிரீச்சிடாது. ஸ்டேஷனில் இத்தனை பேர் இருக்கிறீர்கள், ஒருவர் காதிலும் அது விழவில்லை போலிருக்கிறது. கொடுத்து வைத்த காதுகள்.

என் காது அப்படியில்லை. தச்சு வேலையில் கைக்குச் சமமாகக் காதும் வேலை செய்ய வேண்டும். இழைப்புளி ஓடுகிற ஓசையை வைத்தே மரத்தில் கணு எங்கே என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் வீட்டுச் சுவரோடு சுவராக ஒரு பார் வந்தது. சாயங்காலம் குடித்துவிட்டு நாட்டு நடப்பைத் திருத்துகிறவர்களைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மத்தியானம் பாட்டுக்குழு பயிற்சிக்கு வரும். பாடுகிற பெண், டிரம்ஸ்காரன், கிட்டார்காரன். மூன்றே பேர்தான், ஆனால் முந்நூறு பேர் சத்தம்.

நான் செய்ததெல்லாம் எனக்காக இல்லை. என் மனைவிக்கு நெஞ்சு பலவீனம், மத்தியானத்தில் கண்ணயர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ அந்தப் பாடகிப் பெண் "அத்தை, குடிக்கத் தண்ணி குடுங்க" என்று வந்து நின்றால் உட்கார வைத்துப் பேசுவாள். பிறகு அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடிப்பாள். கெட்ட பழக்கம் சீக்கிரம் தொற்றிக்கொள்ளும். தன் நல்லது தனக்கே தெரியாதவளுக்காக நான்தானே யோசிக்க வேண்டும்?

முறையாகத்தான் போனேன். இதே ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. உங்களைச் சொல்லவில்லை ஐயா, உங்களுக்கு முன்னால் இருந்தவரைச் சொல்கிறேன். கடைசியில் பார் முதலாளியிடமே போய் நின்றேன். அநியாயத்துக்கு நல்ல மனுஷர்.

"அண்ணே, உங்களுக்குத் தொந்தரவுன்னா எனக்கும் சங்கடம்தான். நீங்களே வேலை தெரிஞ்சவரு. சத்தம் வெளிய வராம இருக்க என்ன பண்ணணுமோ, பண்ணிக் குடுத்துடுங்க" என்றார்.

சுவர் நெடுக மரச்சட்டம் அடித்து, பஞ்சு அடைத்து, மேலே துணி போர்த்திக் கொடுத்தேன். தீப்பிடிக்காத பஞ்சும் கடையில் இருந்தது. மெத்தைப் பஞ்சு அளவுக்கு அது சத்தத்தைக் குடிக்காது என்று எனக்குத் தோன்றியது. அவர் கேட்டது சத்தத்தைத் தடுக்கத்தான். நெருப்பைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

மிச்சமிருந்தது சந்துப் பக்கத்துப் பின்கதவு. மத்தியானத்தில் முதலாளி முன்பக்க ஷட்டரை வெளியே பூட்டிக்கொண்டு சாமான் வாங்கப் போய்விடுவார். பாட்டுக்குழு போக வர இந்தக் கதவு ஒன்றுதான். ஒருவன் சிகரெட் பிடிக்க, ஒருவன் போன் பேச என்று திறந்துகொண்டே இருப்பார்கள். திறக்கும்போதெல்லாம் டிரம்ஸும் கூடவே இறங்கி வந்து என் வீட்டு ஜன்னலில் உட்காரும். ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்த கதையாயிற்று நான் பட்ட பாடு.

அதனால் அன்றைக்கு மூன்று பேரும் உள்ளே போனதும், வெளியிலிருந்து கதவை நிலையோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். பயிற்சி முடிகிற நேரத்துக்குக் கழற்றிவிடலாம் என்றுதான். அவசர வேலை என்பதற்காக அரைகுறையாகச் செய்ய முடியுமா? ஸ்க்ரூ தலையிலுள்ள வெட்டுகள் எல்லாம் ஒரே நேராக நிற்கும்படி முடிப்பது என் பழக்கம். அதைப் பார்த்துத்தான் இது என் கை என்று கண்டுபிடித்தீர்களாம். வேலை தெரியாத பயல் கோணல்மாணலாக முடுக்கிவிட்டுத் தப்பித்திருப்பான்.

அப்புறம் வீட்டில் வந்து உட்கார்ந்தேன். எவ்வளவு அருமையான மத்தியானம் தெரியுமா? பக்கத்துத் தெருவில் குருவி கத்துவதுகூடக் கேட்டது. பிறகு புகை வாடை வந்தது. உள்ளே ஏதோ ஒயர் பொரிந்து பஞ்சில் பற்றியிருக்கிறது. சந்துக்குப் போனேன். கையில் ஸ்க்ரூட்ரைவர் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. காதை ஒட்டி வைத்தால்தான் குரல் கேட்டது. அவ்வளவு சுத்தமான வேலை.

"மாமா, நீங்கதானே வெளிய? கதவு திறக்க மாட்டேங்குது மாமா. உள்ள தீ பிடிச்சிருச்சு."

கழற்றியிருக்கலாமே என்கிறீர்கள். கழற்றியிருக்கலாம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கழற்றினால் மூவரும் வெளியே வந்து கூச்சல் போடுவார்கள், தெருவே கூடும். அப்புறம் முதலாளி பழுது பார்ப்பார். அடுத்த மாதம் மறுபடியும் டிரம்ஸ். கதவோரம் வாயை வைத்துப் பொறுமையாகத்தான் சொன்னேன்.

"கத்தாதம்மா. அத்தை இப்பதான் கண்ணசந்திருக்கா."

கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டார்கள். சொன்னால் கேட்கிற பிள்ளைகள்தான். ஆமாம் ஐயா, மூன்று பேரும் சாகும்வரை நான் அங்கேயேதான் நின்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் படித்துக் காட்டியதில் ஒன்றை அடித்துவிடுங்கள். என் மனைவி தூங்கவே இல்லை, ஸ்க்ரூட்ரைவரைப் பிடுங்கப் போராடினாள், "தொறங்க, தொறங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள், என் மணிக்கட்டில் இருக்கிற பல்தடம் அவளுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். பல்தடம் இருப்பது வாஸ்தவம். அவள் கத்தியது மட்டும் என் காதில் விழவில்லை. அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள் ஐயா.