ஏழாவது வரிசை

எனக்கு மழைக்காலம் பிடிக்கும், மேடம். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வார்கள். ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும், லாரி மாட்டிக்கொள்ளும், ஷிப்டுக்கு ஆள் வராது. ஆனால் நான் அட்டை மில்லின் ஆய்வகத்தில் இருப்பவன். வெயில் காலத்தில் எல்லா அட்டையும் நல்ல அட்டைதான். எது நிஜமாகவே நல்லது என்று ஐப்பசியில்தான் தெரியும்.

பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதிக்கொண்டீர்கள். செங்கல்வராயன், ஐம்பத்தாறு, நெமிலிச்சேரி. தொழில் என்ற இடத்தில் உங்கள் ஏட்டு 'மில் தொழிலாளி' என்று எழுதினார். நான் திருத்தச் சொன்னேன். தர ஆய்வாளர். இருபத்தேழு வருஷமாக. இந்த வழக்கைப் புரிந்துகொள்ள அந்த ஒரு சொல் சரியாக இருக்க வேண்டும்.

பழைய பேப்பரைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்குவோம். கூழைப் பரப்பி, பிழிந்து, காயவைத்தால் அட்டை. தண்ணீரிலிருந்து வந்த பொருள், தண்ணீர் பட்டால் மறுபடி கூழாகத்தான் பார்க்கும். அதைத் தடுப்பது என் வேலை. மேல்பரப்பில் தண்ணீர் ஒட்டாமல் செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை, ஒரு பூச்சு போதும். ஆனால் ஈரம் ஓரத்தின் வழியாக உள்ளே போகும். போன பிறகும் ஒரு நார் இன்னொரு நாரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு ரெசின் உண்டு, ஒரு வகைச் செயற்கைப் பிசின். அதைக் கூழில் எவ்வளவு கலப்பது, எந்தக் கட்டத்தில் கலப்பது, எவ்வளவு நேரம் ஊறவிடுவது என்று நான் மூன்று மழைக்காலம் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். கை முழுக்கத் தோல் உரிந்தது. கடைசியில் ஒரு விரல் அகல அட்டையை நாலு நாள் வாளித் தண்ணீரில் போட்டுவைத்து, எடுத்து, அதில் இரண்டு கிலோ இரும்புக் குண்டைத் தொங்கவிட்டேன். அறுந்துபோகவில்லை. அன்றைக்கு ஆய்வகத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். நான் விளம்பரம் தேடுகிறவன் இல்லை.

அந்த அட்டையில் செய்த பெட்டிகள்தான் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் குளிர்க் கிடங்குக்குப் போயின. ஓட்டல்களுக்கு இஞ்சி பூண்டு விழுது அனுப்பும் இடம். விழுது பிளாஸ்டிக் பையில் இருக்கும், பை எடை தாங்காது. மேலே அடுக்கும் பாரம் முழுவதையும் பெட்டிதான் சுமக்க வேண்டும். பெட்டிக்கு இருபது கிலோ. அறை எப்போதும் ஈரம், தரையைத் தினமும் கழுவுவார்கள். அங்கே என் பெட்டி ஏழு வரிசை நின்றது. பதினோரு வருஷம் நின்றது. ஒரு புகார் வந்ததில்லை.

போன வருஷம் நிர்மல் வந்தார். உற்பத்தி மேலாளர். முப்பத்தொரு வயது, பெரிய படிப்பு. ரெசின் போட்ட அட்டையில் வெட்டி மிஞ்சும் துண்டுகள் மறுபடி எளிதில் கரையாது, கூழில் கட்டி கட்டியாக நின்று இயந்திரத்தில் ஓடும்போது அட்டையைக் கிழிக்கிறது என்றார். அது உண்மைதான். உண்மையை நான் மறுப்பதில்லை. அதனால் ரெசினைப் பாதியாக்கி, ஸ்டார்ச்சைக் கூட்டி, மேலே ஒரு பூச்சு கொடுத்தார். உலர்ந்த நிலையில் சோதித்தால் என் அட்டையைவிட வலுவாக இருந்தது.

மாதாந்திரக் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். குளிர் அறையில் ஒரு மாதம் இருந்தால் இந்தப் பெட்டி நிற்காது என்றேன்.

நிர்மல் சிரித்தார். "சார், நீங்க ஊத்துற ரெசினுக்குப் படகே கட்டி புழல் ஏரியில விட்டுரலாம். நாம பெட்டிதானே பண்றோம்?"

பதினாலு பேர் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். என் ஆய்வகத்தில் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட அரவிந்தன், வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தான். நானும் புன்னகை செய்தேன். அப்படியே ஒருமுறை மேஜையைச் சுற்றி, யார் யார் சிரித்தார்கள் என்று பார்த்துக்கொண்டேன்.

இதுவரை சொன்னதில் நான் செய்த தவறு எதுவும் இல்லை என்பது உங்களுக்கே தெரிகிறது.

பதினோரு நாள் கழித்து நிர்மல் ஆய்வகத்துக்குத் தனியாக வந்தார். தன் வீட்டு ஃப்ரிட்ஜில் புதுப் பெட்டி ஒன்றை வைத்து, மேலே மாவுப் பாத்திரத்தை ஏற்றிப் பார்த்தாராம். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதாம். "நீங்க சொன்னதுதான் சார் சரி. பழைய அளவுக்கே போயிருவோம்" என்றார். பணிவாகத்தான் சொன்னார். அதையும் நான் மறுக்கவில்லை.

"இதை மீட்டிங்ல சொல்லுங்க" என்றேன்.

"அதுக்கு எதுக்கு சார் மீட்டிங்? மெயில் போட்டுர்றேன். நீங்களே ரெசின் பம்ப்பை மாத்திருங்க."

மெயில் வந்தது. 'மறு ஆய்வுக்குப் பிறகு ரெசின் அளவு பழைய நிலைக்கு மாற்றப்படுகிறது.' இரண்டு வரி. என் பெயர் அதில் இல்லை. மறு ஆய்வு செய்தது யார்? அவருடைய ஃப்ரிட்ஜா? பதினாலு பேர் முன்னால் சிரிப்பதற்கு நேரம் இருந்தது. பதினாலு பேர் முன்னால் நாலு வார்த்தை சொல்ல நேரம் இல்லை. அந்த மெயிலை நான் பலமுறை படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. அளவைப் பழையபடி மாற்றினால் பெட்டி நிற்கும். பெட்டி நின்றால் எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். நான் சொன்னது சரி என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது.

அதனால் நான் அளவைக் கூட்டவில்லை. பதிவேட்டில் மட்டும் முழு அளவு என்று எழுதினேன். ஒரு வாரம் பாதியில் ஓடியது. பாதி அளவில் பெட்டி நசுங்க எவ்வளவு நாளாகும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நிச்சயம் இல்லாத சோதனை சோதனையே இல்லை. எட்டாம் நாள் காலை பம்ப்பை நிறுத்தி அந்தப் பாதியையும் எடுத்துவிட்டேன். கையெழுத்து என்னுடையது. உலர் சோதனையில் எல்லாம் தேறியது.

பெட்டிகள் கிடங்குக்குப் போய் மூன்று வாரத்தில் போன் வந்தது. கிடங்கு மேற்பார்வையாளர் கஜபதி. அடிப்பெட்டிகள் முனை மடிகின்றன, ஆறு வரிசையோடு நிறுத்தியிருக்கிறோம், வந்து பாருங்கள் என்றார். நிர்மல் என்னைத்தான் அனுப்பினார். "உங்களைவிட யாருக்கு சார் தெரியும்?" என்றார். இதையும் தனியாகத்தான் சொன்னார்.

ஆறோடு நிறுத்தச் சொன்னது கஜபதி இல்லை, அங்கே அடுக்கும் வேலை செய்யும் பஞ்சவர்ணம் என்ற பெண். குமணன்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், தலையில் கம்பளிக் குல்லா. என்னைப் பார்த்ததும் கையைப் பிடிக்காத குறையாக அடிப்பெட்டியிடம் கூட்டிப் போனார்.

"இன்னா சார் அட்ட இது? கைய வெச்சிப் பாரு. நமுத்துப்போன அப்பளம் மாரி கீது. இதும் மேல ஏழாவது வரிச ஏத்த சொல்றாங்க. நான் மாட்டேன்னு சொல்லிகினு கீறேன்."

கையை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கருவி இல்லாமல், அளவுகோல் இல்லாமல், விரலால் தொட்டு அட்டையின் நிலைமையைச் சொல்கிற ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை, என்னைத் தவிர. அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அது இன்னும் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு வரிசைக்கு அந்தப் பெட்டி தாக்குப்பிடித்துவிடும். ஒரு வாரத்தில் சரக்கு ஓட்டல்களுக்குப் போய்விடும். அதோடு கதை முடிந்தது.

"ஏழுக்குத்தான் செஞ்சது. தாராளமா ஏத்தலாம்" என்று கஜபதியிடம் சொன்னேன்.

பஞ்சவர்ணம் என் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னா சரி சார். நீதான செஞ்ச ஆளு" என்றார். அன்று மாலைக்குள் ஏற்றிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு மறுபடி போனேன். யாரும் கூப்பிடவில்லை. நான் ஆறு நிமிடம் அங்கே நின்றது கேமராவில் இருக்கிறது என்றீர்கள். இருக்கும். எனக்கு ஆறு நிமிடமாகத் தோன்றவில்லை.

மரம் முறிவதற்கு முன் விரிசல் விடும், இரும்பு முனகும். ஈர அட்டை ஒன்றும் செய்யாது. மெதுவாக அமுங்கும், அவ்வளவுதான். இடது ஓரத்து அடிப்பெட்டி ஒரு விரற்கடை அமுங்கியிருந்தது. அதற்கு மேலே இருந்த ஆறும் நடைபாதைப் பக்கம் சாய்ந்திருந்தன. பக்கத்து அடுக்குகள் அதன் மேல் சாய்ந்திருந்தன. நான் போனை எடுத்தேன். படம் வேண்டும். தேதி, நேரத்தோடு படம் இருந்தால் எந்தக் கூட்டத்திலும் யாரும் சிரிக்க முடியாது.

பஞ்சவர்ணம் அந்த அடுக்கின் காலடியில், ஒரு அட்டைத் துண்டைப் போட்டு உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் குல்லாவைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னா சார், போட்டோ புடிக்கிறியா? என்னியும் சேத்துப் புடி."

"ம்" என்றேன்.

எழுந்திரு என்று சொல்லியிருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம். அவர் எழுந்திருந்தால் கஜபதி ஓடி வந்திருப்பார். ஆட்கள் வந்து மேல்வரிசையை இறக்கியிருப்பார்கள். மறுபடி ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகியிருக்கும். இதெல்லாம் நான் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த சமாதானம் இல்லை. அங்கே நின்றபோதே இந்த வரிசையில்தான் யோசித்தேன். அதற்கு ஆறு நிமிடம் தாராளம்.

இருபத்தெட்டுப் பெட்டி விழுந்தது. இஞ்சி பூண்டு வாடையில் கொஞ்ச நேரம் மூச்சுவிட முடியவில்லை. நானும்தான் பெட்டிகளை இழுத்துப் போட்டேன், கேமராவில் அதுவும் இருக்கும். அவருக்கு பவ்யா என்று ஒரு மகள், பாலிடெக்னிக்கில் படிக்கிறாள் என்று பேப்பரில் பார்த்தேன். அந்தப் பெண் அழும் படத்தைப் போட்டிருந்தார்கள். அட்டையின் படத்தை யாரும் போடவில்லை.

நிர்மலைக் கைது செய்தீர்கள். இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாராம். சார் முன்னாடியே எச்சரிச்சார், நான்தான் கேக்கல என்று எழுதிக் கொடுத்தாராம். அதைக் கேட்ட அன்று நான் நன்றாகத் தூங்கினேன். மூன்று நாள் அப்படியே இருந்தது. அப்படியே போயிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

பிறகு மில்லின் வக்கீல் வந்தார். ரெசின் பம்ப் தானாகப் பழுதாகி நின்றுவிட்டது, இயந்திரக் கோளாறு, யார் மேலும் தப்பில்லை என்று மனு போட்டார். நிர்மலுக்கு ஜாமீன் கிடைத்தது. மறுநாள் மில்லில் எல்லோரும் ஆளுக்கு ஆள் அதையே சொன்னார்கள். பாவம், பம்ப் கெட்டுப்போச்சு. அரவிந்தன் என் மேஜைக்கே வந்து சொன்னான். "நல்லவேளை சார், ஃபார்முலால ஒண்ணும் பிரச்சினை இல்ல. பம்ப்தான்."

ஒரு பெண் செத்திருக்கிறாள், மேடம். அதை ஒரு பம்ப்பின் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த நாட்டில் மனசாட்சி உள்ள ஒருத்தனாவது இருக்க வேண்டாமா? அதனால்தான் நானாக வந்தேன். உங்கள் ஆட்கள் என்னைத் தேடி வரவில்லை, இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பம்ப்பில் எந்தக் கோளாறும் இல்லை. அதை நிறுத்தியது நான். ஏழாவது வரிசையை ஏற்றச் சொன்னது நான். சரியப்போகிறது என்று தெரிந்து, அவர் கீழே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றதும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு திருத்தம். மரணத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'பெட்டிகள் சரிந்ததால்' என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்கள். 'ரெசின் இல்லாத அட்டை ஈரத்தில் நிற்காது என்று செங்கல்வராயன் முன்பே கூறியபடி' என்று சேர்த்துவிடுங்கள்.