அடைக்கல மாதா பலகை

சாயங்காலம் ஆறே முக்கால். திரேஸ்புரத்திலிருந்து மாப்பிள்ளையூரணிப் பக்கம் போகிற உப்பளச் சாலை. முன்னால் ஆள் இல்லை... பின்னாலும் இல்லை. இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் மட்டும்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் கிரேசியின் சித்தி, கிளாடிஸ் டீச்சருக்கு நடந்தது. எழுபத்துநாலாம் வருஷம்.

அவள் போனது இனிகோவின் வீட்டுக்கு. இனிகோ செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. தோணிகளுக்குப் பெயர் எழுதுகிற ஓவியன்; சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சிநேகிதன். அவனுக்கு ஒரு கிறுக்கு. கடலுக்குப் போய்த் திரும்பாத தோணியின் பெயர்ப்பலகை எங்கே கரை ஒதுங்கினாலும் ஓடிவிடுவான். ஒரு பலகைக்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தவன். அப்படிப் பதினெட்டுப் பலகைகள் சேர்ந்தன. எல்லாவற்றையும் எழுத்து சுவரைப் பார்க்கத்தான் மாட்டுவான்.

"பேரு வெளிய பாத்துச்சுன்னா உடையவன் தேடி வந்துருவாம்ளா. அம்புட்டுப் பேருக்கும் நான் எங்கன சோறு வடிக்க?" என்று சிரிப்பான்.

கிளாடிஸ் சிரித்ததில்லை. பதினெட்டில் ஒன்று 'அடைக்கல மாதா'. அறுபத்துநாலு புயலில் ஏழு பேரோடு போன தோணி. ஏழில் ஒருவன் வளன், அவள் தம்பி. உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லை. அந்தப் பலகையைப் பத்து வருஷம் கேட்டாள்.

"உசுரக் கேளு, தாரேன். பலகையக் கேக்காதளா."

கடைசிவரை அவன் தரவில்லை. அவன்மேல் அவள் வைத்த பிரியத்துக்குள் அந்த ஒரு முள் கரையாமலே கிடந்தது.

அன்று காலையில் இனிகோவின் அண்ணன் மரியான் சாவியை நீட்டி, "நாளைக்கு வெறகுக்காரன் வாரான், டீச்சர். வேணுங்கிறத இன்னைக்கே எடுத்துக்கிடுங்க" என்றிருந்தார்.

கதவைத் திறந்தாள். பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாசனை... பீடி வாசனை... ஆள் இப்போதுதான் எழுந்து போன மாதிரி. கதவைச் சாத்திவிட்டு விளக்கை ஏற்றினாள். சுவர் முழுக்கப் பதினெட்டு முதுகுகள். ஒவ்வொன்றாய் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பதினோராவது... 'அடைக்கல மாதா'.

கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அதற்குத்தான் வந்தாள். ஆனால் பத்து வருஷ ஆசை சொன்ன பேச்சைக் கேட்குமா? எழுத்து வெளியே பார்க்கத் திருப்பி, அதே ஆணியில் மாட்டினாள்.

"வாலே, வளன்" என்றாள். மெதுவாகத்தான்.

விளக்கு அணைந்தது.

முதலில் வாடை. முத்துக்குளிப்பு சமயம் கரையில் சிப்பியை அழுக விடுவார்களே... அந்த வாடை. அப்புறம் கதவில் தப்... தப்... தட்டுகிற சத்தம் இல்லை. ஈரக் கைகளை வைத்து அழுத்துகிற சத்தம். கதவு உள்ளே வளைந்தது. கிளாடிஸ் அசையவில்லை. முதுகு நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தாள்.

திடீரென்று டர்பன்டைன் நெடி. யாரோ அவளை இடித்துக்கொண்டு போனார்கள். சுவரில் பலகை உரசியது... கர்ர்ர்...

பிறகு ஒன்றுமில்லை.

அவள் ஓடினாள். பாதிச் சாலையில் நின்று அழுதாள். பயத்தில் இல்லை, கோபத்தில். இனிகோ அவளைக் காப்பாற்றினானா, இல்லை, செத்த பிறகும் தன் பலகையை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லையா?

காலையில் மரியானோடு போனாள். பதினெட்டுப் பலகைகளும் சுவரைப் பார்த்திருந்தன. 'அடைக்கல மாதா'வின் முதுகில் நீலப் பெயின்ட் விரல்தடங்கள்... காயவில்லை. கதவின் வெளிப்பக்கம் உப்புப் பூத்த உள்ளங்கைத் தடங்கள். எண்ணினாள். பன்னிரண்டு.

"ஆறு ஆளு" என்றார் மரியான். "தோணியில ஏழு பேருல்லா போனாங்க?"

வீட்டுக்கு வந்து, முந்தின நாள் கட்டிய சேலையைத் துவைக்க விரித்தாள். முதுகில் படிகிற இடத்தில் இரண்டு உள்ளங்கைகள். வெள்ளையாக.

அந்தச் சேலையை அவள் இன்றுவரை துவைக்கவில்லை. மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். கிரேசி தொட்டுப் பார்த்திருக்கிறாள்... இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறதாம்.