மண் கோழிக்கூடு

சிடாம் கிரி ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோனதால் சுங்கைப்பட்டாணி டவுனுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் வேலை தேடி எல்லாரும் எங்காவது நடந்தோம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் மரவள்ளிக்கிழங்கு சுமந்து போனார்கள். இளையவள் சொன்னாள்:

"அக்கா, என் மவ நம்ம கோழிக்கூட்டை டவுன் காட்சிசாலையில வச்சுட்டு வந்துட்டா."

"கூட்டைத் தூக்கிட்டா போனா?"

"களிமண்ணுலக்கா. புள்ளைங்களைக் கூப்பிட்டு மண்ணைக் குடுத்து, வீட்டுல இருக்கறதைச் செய், அதைப் பத்திக் கதை சொல்லுன்றாரு அங்க இருக்கற வாத்தியாரு."

"நல்லதுதானே."

"என்ன நல்லது? கூட்டுக்கு அடியில குழி, குழிக்குள்ள ஜப்பான்காரன் புடுங்கிட்டுப் போயிடாம நாம ஒளிச்சு வச்ச அரிசி மூட்டை. அத்தனையும் செஞ்சு, கதையும் சொல்லிட்டா. வாத்தியாரு அதைக் கற்பனைன்னு நெனைச்சு, கைதட்டி, அலமாரியில வச்சுட்டாரு. நாளைக்கு மத்தியானம் ஜப்பான் ஆபீசர் பார்க்க வர்றான்."

"போய்த் திருப்பிக் கேளேன்டி."

"ஏன்னு கேட்டா என்னத்தைச் சொல்றது?"

"அரிசியையாவது மாத்தி வை."

"வழியெல்லாம் சோதனை. எங்கக்கா மாத்துறது? மத்த புள்ளைங்க எல்லாம் யானை செஞ்சுச்சுங்க. இவளுக்கு மட்டும் யானை செய்யக் கையி வரலையா?"

மறுநாள் காலை அந்தக் காட்சிசாலையில் கூட்டித் துடைக்கும் வேலையில் சேர்ந்தேன். கூலி ஒருவேளைக் கிழங்கு. அலமாரியைத்தான் முதலில் துடைத்தேன். ஒரு கோழிக்கூடு கை தவறி விழுந்து நொறுங்கியது. மத்தியானம் வந்த அதிகாரி யானைகளைப் பார்த்துவிட்டுப் போனார்.