பின் பம்பரில் இரண்டு சைக்கிள்கள்

டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்குச் சைக்கிளை எங்கே வைப்பது என்பது தீராத தலைவலி. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் சக்கரத்தில் ஏற்றி இழுத்துவிடுவார்கள், இரண்டு சைக்கிளுக்கு மட்டும் இடம் கிடைக்காது. விபத்து நடந்த பிறகு நீங்கள் போலீஸ் விசாரணைக்கு எங்கள் டிரெய்லர் முகாமுக்கு வந்தபோது இதைத்தான் என்னிடம் கேட்டீர்கள், அம்மா. விஷயம் தெரிந்தவர் என்று யாரோ என்னைக் கைகாட்டியிருந்தார்கள். சைக்கிளைப் பற்றி அன்று நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மற்றதில் கொஞ்சம் விட்டுப்போனது. அதைச் சொல்லத்தான் இன்று நானாகவே வந்திருக்கிறேன்.

என் பெயர் ஹார்லன் ட்வைட். நார்த் டகோட்டாவில் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்தேன். ஓய்வு பெற்றதும் நானும் லோயிஸும் பனிக்குப் பயந்து இங்கே, அரிசோனாவின் யூமாவுக்கு, குளிர்காலத்தில் வர ஆரம்பித்தோம். லோயிஸ் இங்கேயே இறந்தாள். அதன் பிறகு நான் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. குளிர்காலத்தில் முகாம் நிறைந்திருக்கும். வெயில் ஏறியதும் ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பும். கோடை முழுக்க நானும் வேலியோரத்து முயல்களும்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அடுத்த குளிர்காலம் வரும் என்று தெரிந்தால்.

பக்கத்து மனையில் டெல்மர் க்ரோகரும் அவன் மனைவி நடீனும் வருவார்கள். அயோவாக்காரர்கள். சாயங்காலம் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் இருட்டும் வரை பேச்சு, பிறகு சாப்பாடு, பிறகு டோமினோ ஆட்டம். லோயிஸ் போன பிறகு நடீன் மூன்று தட்டு வைக்கத் தொடங்கினாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவளாக வைத்தாள். அந்த மூன்றாவது தட்டுக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் நீங்கள் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். மிகைப்படுத்தவில்லை.

இந்த வருஷம் அவர்கள் பேட்டரி சைக்கிள் வாங்கினார்கள், ஆளுக்கொன்று. விடிந்ததும் வாய்க்கால் கரையோடு கிளம்பிவிடுவார்கள். சைக்கிள் கூட்டம் ஒன்று சேர்ந்துவிட்டது. சாயங்காலம் களைத்து வந்து, சீக்கிரம் படுத்துவிடுவார்கள். நாற்காலிகள் மடக்கியபடியே இருந்தன.

"நீயும் ஒண்ணு வாங்கிக்கய்யா," என்றான் டெல்மர். "மூணு சக்கரத்துல கூட விக்கிறான். கீழ விழமாட்ட."

"விழுந்தா நீ வந்து தூக்குவியா?"

"நான் எதுக்கு? நடீன் தூக்குவா. என்னையே தூக்கி நிறுத்துறவ அவ."

சிரித்தோம். அன்றைக்கே சொன்னான், டெக்சாஸ் கடற்கரைக்குப் போகிறார்களாம். அங்கே சைக்கிள் பாதை பிரமாதமாம். குளிர்காலம் பாதிகூட முடியவில்லை. அடுத்த வருஷமும் நேரே அங்கேதானாம்.

"அப்ப இங்க?" என்றேன்.

"இங்க வந்து குந்தினா குந்தின இடம்தானய்யா. எத்தனை வருஷம் அதே டோமினோ?"

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் காது அடைத்தமாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது என்று இருவரும் என்னிடம்தான் கேட்டார்கள். டிரெய்லரை இழுக்கும் பிக்கப் வண்டியின் கூரையில் ஏற்றலாம், ஆனால் பேட்டரி சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்குகிற வயதா எங்களுக்கு? பிக்கப்பின் தொட்டியில் ஜெனரேட்டரும் கருவிப் பெட்டியும் அடைத்துக்கொண்டிருந்தன. டிரெய்லரின் மூக்கில், கொக்கிக்கு மேலே மாட்டுகிற தாங்கி நல்லதுதான், ஒடித்துத் திருப்பும்போது பிக்கப்பின் பின்கண்ணாடியில் இடிக்காதபடி அளந்து வைக்க வேண்டும். சிலர் பிக்கப்பின் முன்னால் மாட்டுகிறார்கள். விளக்கையும் மறைக்கும், எஞ்சினுக்குக் காற்றையும் மறைக்கும்.

நடீனுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. "உள்ளயே படுக்கப் போட்டுரலாமே. நடுவுல, சக்கரத்துக்கு நேர் மேல. ஒரு பழைய போர்வை விரிச்சா போதும்," என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. அதைவிடச் சரியான இடம் கிடையாது.

"உன் கம்பளமெல்லாம் கிரீஸாயிடும் நடீன்," என்றேன். "அப்புறம் டெல்மரை வெளியில படுக்கப் போடுவ. பேசாம பின்னாடி பம்பர்ல மாட்டுங்க. எத்தனை பேர் மாட்டிட்டுப் போறாங்க."

டிரெய்லரின் பின் பம்பரைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே விளக்கியிருக்கிறேன். பார்த்தால் பெரிய இரும்புபோல இருக்கும். உண்மையில் அது மெல்லிய தகட்டில் செய்த நீளப் பெட்டி, கழிவுநீர்க் குழாயைச் சொருகி வைக்கக் கொடுத்தது. அதில் பாரம் மாட்டினால் ஒவ்வொரு குலுங்கலுக்கும் முறுக்கிக்கொள்ளும், பற்றவைத்த இடம் ஒருநாள் விட்டுவிடும். எத்தனையோ பேரைத் தடுத்திருக்கிறேன். இவர்களை நானே அதில் மாட்டச் சொன்னேன். விட்டுப்போனவற்றில் இது முதலாவது.

நடீன் மனசு கேட்கவில்லை. அவள் நச்சரிப்பு தாங்காமல் டெல்மர் இரண்டு சங்கிலி வாங்கிவந்து, தாங்கியை டிரெய்லரின் அடிச்சட்டத்தோடு இணைக்க ஏற்பாடு செய்தான். பம்பர் போனாலும் சங்கிலி பிடித்துக்கொள்ளும், சத்தம் கேட்டு நிறுத்தலாம். நல்ல ஏற்பாடு. நானே பாராட்டினேன்.

எங்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. டிரெய்லரை வண்டியில் மாட்டிக்கொண்டிருக்கிறவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. காலை வணக்கம்கூடச் சொல்லக் கூடாது. பேச்சில் ஒரு கடையாணி மறந்துபோகும். கிளம்புகிற அன்று டெல்மர் சங்கிலியோடு குனிந்திருந்தபோது நான் காப்பியோடு போய் நின்றேன். ஏரி மீனைப் பற்றிப் பேசினேன். அவன் மரியாதைக்கு நிமிர்ந்து பதில் சொன்னான்.

விபத்துக்குப் பிறகு இதை எல்லோர் முன்னாலும் நானே ஒத்துக்கொண்டேன். நான் பேச்சுக் கொடுத்தேன், அதனால்தான் அவன் சங்கிலி மாட்ட மறந்துவிட்டான் என்று மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனசு என்று முதுகில் தட்டினார்கள். உங்களிடமும் அதையேதான் சொன்னேன், நீங்களும் தலையாட்டினீர்கள்.

டெல்மர் மறக்கவில்லை. இரண்டு சங்கிலியையும் மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் போனான். கிளம்பும் முன் விளக்கைச் சரிபார்க்க ஒருவர் பின்னால் நிற்பது வழக்கம். அவன் வண்டியில் ஏறி அமர்ந்தான், நான் பின்னால் நின்றேன். "இடது சரி," என்று கத்தினேன். "வலது சரி." கத்திக்கொண்டே இரண்டு சங்கிலியையும் கழற்றி உருவிக்கொண்டேன். "பிரேக் சரி. போய்ட்டு வாய்யா." சங்கிலிகள் இப்போது என் வண்டியின் இருக்கைக்கு அடியில் இருக்கின்றன. நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கிழக்கே போகிற நெடுஞ்சாலையில் மலை ஏறும் முன் ஒரு மேடுபள்ளமான இடம் இருக்கிறது. அங்கே பம்பர் விட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன். அங்கேதான் விட்டது. சைக்கிள் போய்விடும், சைக்கிள் இல்லாமல் டெக்சாஸ் எதற்கு, திரும்பி வந்துவிடுவார்கள். இவ்வளவுதான் என் யோசனை.

பின்னால் ஒரு காரில் ரொசௌரா பெல்ட்ரான் வந்துகொண்டிருந்தாள். கீரையைப் பெட்டியில் அடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள், பக்கத்து இருக்கையில் அவளுடைய தாய். சைக்கிள்கள் அவள் கார் முன்னால் வந்து விழுந்ததில் இருவரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். நெடுஞ்சாலையில் பின்னால் வண்டி வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்று அது என் யோசனையில் வரவில்லை, அவ்வளவுதான். செய்தியில் அவர்கள் படத்தைக் காட்டினார்கள். அழுகை வருமா என்று காத்திருந்தேன். பிறகு அடுப்பில் வைத்த சூப் ஞாபகம் வந்தது.

டெல்மரும் நடீனும் திரும்பி வந்தார்கள். விசாரணை முடியும்வரை ஊரைவிட்டுப் போக வேண்டாம் என்று நீங்களே சொன்னீர்கள். அவன் சைக்கிளின் பேச்சையே எடுக்கவில்லை. வண்டியும் ஓட்டவில்லை. டோமினோ கட்டையைக்கூட அவனுக்காக நான்தான் எடுத்து வைப்பேன்.

"பக்கத்துல நீதானய்யா நின்ன," என்பான் திரும்பத் திரும்ப. "மாட்டின மாதிரியே இருக்கே எனக்கு. நான் மாட்டலயா?"

"விடு டெல்மர். யாருக்கும் வர்ற மறதிதான்."

"ரெண்டு உசுருய்யா."

"சாப்பிடு," என்பேன். நடீன் என் தோளில் சாய்ந்து அழுவாள். நீங்க மட்டும் இல்லன்னா நாங்க என்ன ஆகியிருப்போம் என்பாள். மூன்று தட்டும் தினமும் இருந்தன. உண்மையைச் சொன்னால், லோயிஸ் போன பிறகு எனக்கு வாய்த்த நல்ல குளிர்காலம் இதுதான்.

போன வாரம் நீங்கள் விசாரணைக் கோப்பை மூடிவிட்டீர்கள். கவனக்குறைவு, குற்ற வழக்கு இல்லை. டெல்மர் டிரெய்லரை விற்றுவிட்டான். ஸ்போகேனில் இருக்கும் மகன் விமான டிக்கெட் அனுப்பியிருக்கிறான். இனி சாலைப்பக்கமே வரப்போவதில்லை என்கிறார்கள். இன்று காலை நடீன் என்னைக் கட்டிப்பிடித்து விடைபெற்றாள்.

நேரே இங்கே வந்துவிட்டேன். மனசாட்சி உறுத்தியதா என்று கேட்கிறீர்கள். அந்த டெல்மர் தன்னையே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு சாகக் கூடாது என்பதற்காகத்தான் வந்தேன். வேறெதற்கு?

நான் சொன்னதெல்லாம் எழுதியாகிவிட்டதா? அப்படியானால் இப்போது வழக்கு உண்டு. வழக்கு என்றால் சாட்சி வேண்டும். அவர்கள் இருவரையும் விட்டால் வேறு சாட்சி கிடையாது, விமானம் ஏறும் முன் போக வேண்டாமென்று நீங்கள் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகள் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தங்குவதற்கு இடம் தேடி அவர்கள் அலைய வேண்டாம். என் வீட்டுச் சாவியை நடீனிடம் கொடுத்துவிட்டேன். கோர்ட்டில் அவர்களுக்கு எந்தப் பக்கம் நாற்காலி போடுவீர்கள், நான் உட்காருகிற இடத்திலிருந்து தெரியுமா?