குடிக்காமல் வைத்த கோப்பை

இந்த அவையின் தலைமை இருக்கையில் அமர்ந்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் எங்கள் செவிலி மைசூன் அவர்களே! வளைவிலும் வேகம் குறைக்காத வல்லவர், சிற்றுந்து ஓட்டுநர் சங்கத்தின் தலைவர் அபூ ரக்கான் அவர்களே! பாலைத் தயிராக்கி, தயிரைக் கட்டியாக்கி, அந்தக் கட்டியால் நம் கரக் ஊரின் பெயரைக் கடல் தாண்டிக் கொண்டுபோன மகளிர் கூட்டுறவின் தலைவி உம் ஸனத் அவர்களே! பள்ளிவாசலின் ஷேக் சாலிம் அவர்களே! அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தட்டிலிருந்தே பேரீச்சம்பழம் எடுத்துத் தின்னும் பாதர் புத்ருஸ் அவர்களே! மதியமே வந்து முன்வரிசை பிடித்த பெரியவர்களே! 'இவன் எப்போது முடிப்பான், எப்போது சோறு போடுவார்கள்' என்று காத்திருக்கும் இளைஞர்களே! என்னைப் பெறாமல் தப்பித்த தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் அமைதி உண்டாகட்டும்!

நான் ஹாயில். அபூ ஷாஹிர் என்றால்தான் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போனது நான்கு குளிர்காலம். ஐந்தாவது குளிர்காலத்தில் வாத்தியார் என்னைப் பார்த்து, "நீ வந்தா நான் வரல, நான் வந்தா நீ வராதே" என்றார். பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாது என்று நான் நின்றுகொண்டேன். அன்று கையில் எடுத்த காப்பிக் கூஜாவை இன்றுவரை கீழே வைக்கவில்லை. இந்த ஊரின் கல்யாணங்களில் ஊற்றியிருக்கிறேன், துக்கக் கூடாரங்களில் ஊற்றியிருக்கிறேன். உங்களில் யார் பெண் கேட்டுப் போய் அசடு வழிந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள் அபூ ரக்கான், பெயர் சொல்ல மாட்டேன்!

இதோ, என் முன்னால் ஒரு கோப்பை இருக்கிறது. ஊற்றிக் கொடுத்துக் கால் மணி நேரம் ஆகிறது. நான் தொடவில்லை. 'ஆறுகிறதே, குடியுமேன்' என்று பின்வரிசையில் ஒருவர் சைகை காட்டுகிறார். ஆறட்டும் ஐயா! வெளியூர் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் விருந்தாளி கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவனுக்கு ஒரு தேவை இருக்கிறது என்று பொருள். "குடி, நீ கேக்க வந்தது உனக்கு உண்டு" என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை அவன் அதைத் தொடமாட்டான். எனக்கும் இன்று ஒரு தேவை இருக்கிறது. அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன். முதலில், நான் சரியாகப் பார்க்காமல் விட்ட ஒரு கோப்பையின் கதையைக் கேளுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர் இரண்டு பிள்ளைகளைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தது. அந்த வீடுகளின் தாய்மார்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அம்மா, உங்களுக்கு என் தலை தாழ்கிறது. இரண்டு கூடாரங்களிலும் காப்பி ஊற்றியவன் நான். அன்று என் வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை.

அதன்பிறகு ஊர் சும்மா இருந்ததா? இல்லை! ஓட்டுநர் சங்கம் எழுந்தது: 'மனம் சோர்ந்தால் எங்களை அழையுங்கள்' என்று ஒவ்வொரு வண்டியின் பின்புறமும் ஒரு எண்ணை ஒட்டியது. மகளிர் கூட்டுறவு எழுந்தது: ஒவ்வொரு தயிர்க்கட்டிப் பையிலும் வேறொரு எண் எழுதிய துண்டுச்சீட்டைப் போட்டது. பள்ளிவாசலும் தேவாலயமும் சேர்ந்து எழுந்தன: மூன்றாவதாக ஒரு எண்ணைத் தந்தன. மூன்று சங்கம், மூன்று எண், மூன்று தொலைபேசி. எத்தனை பேர் அழைத்தார்கள்? ஒரே ஒருவர்! அபூ ரக்கான் தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலில் தேன் தடவி, "சொல்லுங்க, மனச விட்டுப் பேசுங்க" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "அம்மான் டவுனுக்கு வண்டி எத்தன மணிக்குண்ணே?" என்று கேட்டது.

சிரியுங்கள், சிரியுங்கள். அவரே சிரிக்கிறார்.

தனித்தனியாகச் செய்தால் ஆகாது என்று மைசூன் எல்லோரையும் இதே மண்டபத்துக்கு அழைத்தார். சென்ற ஆண்டு, அறுவடை முடிந்த ஒரு வியாழக்கிழமைப் பிற்பகல். எல்லோரும் வந்தார்கள். உயிரைக் காப்பது எப்படி என்று பேச வந்தவர்கள் எதைப் பேசினார்கள் தெரியுமா? பதாகையில் யார் பெயர் முதலில் வருவது என்று பேசினார்கள்!

"எங்க சங்கம் நாப்பது வருச சங்கம்!" என்றார் அபூ ரக்கான்.

"நாப்பது வருசமா ஹார்ன் அடிச்சதைத் தவிர என்ன செஞ்சீங்க?" என்றார் உம் ஸனத்.

"நீங்க தயிர்தான காய வெச்சீங்க?"

"அந்தத் தயிர் இல்லாட்டி உங்க வீட்ல கறிச்சோறு ஏது, மன்சஃப் ஏது? வெறுஞ்சோத்துல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க!"

நான் ஊற்றிக்கொண்டே போனேன். எனக்கு இப்படிப்பட்ட சண்டைகள் பிடிக்கும். காப்பி நிறையச் செலவாகும். விருந்தினர்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கிய ஓட்டுநர் ஃபவ்வாஸ் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வயது, தனிக்கட்டை, அதிர்ந்து பேசாத ஆள். மாடியில் புறா வளர்ப்பவன். வண்டியில் கிழவிகள் ஏறினால் இறங்கிவந்து மூட்டையைத் தூக்கி வைப்பவன். கோப்பையைக் கொடுத்தேன். வாங்கினான். குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். மெதுவாகக் கீழே வைத்தான்.

முப்பது வருடம் காப்பி ஊற்றியவன் நான்! வைத்த கோப்பை என்ன கேட்கிறது என்று ஊருக்கே சொல்லித்தருபவன் நான்! அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன்? நாலு பேர் சிரிக்க வேண்டும் என்று சத்தம் போட்டேன். "பாருங்கப்பா, மாப்பிள்ளை கோப்பைய வெச்சுட்டாரு! யார் வீட்டுப் பொண்ணு வேணும், கூச்சப்படாம சொல்லு!"

மண்டபமே சிரித்தது. ஃபவ்வாஸும் சிரித்தான். கோப்பையை எடுத்தான், ஒரே மடக்கில் குடித்தான், போதும் என்று கோப்பையை ஆட்டி என் கையில் கொடுத்தான், எழுந்து வெளியே போனான்.

அந்தச் சிரிப்புச் சத்தத்தில் சிரிக்காமல் இருந்தவர் ஒருவர். உம் ஸனத்.

"அபூ ஷாஹிர், இங்க வா. அவன் கோப்பைய வெச்சானா?"

"வெச்சான். கல்யாண ஆசை வந்துருச்சு போல."

"வாய மூடு. போன வாரம் அவன் புறா பதினாலையும் என் வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டான். வளந்த புறாவ எவனாச்சும் குடுப்பானா? குஞ்சுன்னா பழகும். வளந்தது பழைய மாடிக்குத்தான் போகும். அவனுக்கா இது தெரியாது? மறுநாளே எல்லாம் திரும்பிப் போயிடுச்சு. கூண்டுல போட்டு மறுபடி கொண்டாந்து குடுத்தான். மறுபடி போச்சு. 'இதுங்கள யாராச்சும் பாத்துக்கணும் அக்கா'ங்கிறான். நீ எங்கடா போறேன்னு நான் கேக்கல."

அபூ ரக்கானின் கை பாதி உயரத்தில் நின்றது. அதுவரை பதாகையைக் காட்டிக்கொண்டிருந்த கை. "என்கிட்ட வண்டியோட ரெண்டாவது சாவியக் குடுத்தான். 'எதுக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்ணே'ன்னான். லீவு போடப் போறான்னு நெனச்சேன்."

ஷேக் சாலிம் எழுந்தே விட்டார். "என்கிட்ட வந்து, 'தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க'ன்னான். ஹஜ்ஜுக்குப் போறவங்க அப்படித்தான கேப்பாங்க? நல்லபடியா போய்ட்டு வான்னு வாழ்த்தி அனுப்பிட்டேனே!"

பெரியோர்களே! தாய்மார்களே! புறா ஒரு சங்கத்திடம் இருந்தது. சாவி ஒரு சங்கத்திடம் இருந்தது. மன்னிப்பு ஒரு சங்கத்திடம் இருந்தது. கோப்பை என் கையில் இருந்தது. ஒரு மனிதன் தன் துயரத்தைத் துண்டு துண்டாகப் பிய்த்து ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நாங்கள் ஆளுக்கொரு துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதாகைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்! கண் இல்லையா எங்களுக்கு? இருந்தது. காது இல்லையா? இருந்தது. கண்ணும் காதும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்!

"எந்திரிங்க" என்றார் மைசூன். அவ்வளவுதான் சொன்னார்.

கோட்டைச் சரிவில் நாங்கள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் மைசூன், பின்னால் கூஜாவோடு நான், என் பின்னால் ஷேக்கும் பாதரும் ஆளுக்கொரு பக்கம் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு! உம் ஸனத்தின் ஒரு செருப்பு இன்னும் அந்தச் சரிவில்தான் கிடக்கிறது. பேருந்து நிலையத்தில் ஃபவ்வாஸின் வண்டி நின்றது. எஞ்சின் ஓடவில்லை. உள்ளே அவன் இருந்தான். இருந்தான் ஐயா, இருந்தான்!

"கூட்டமா போனா மெரண்டுடுவான். நானும் அபூ ஷாஹிரும் மட்டும் போறோம்" என்றார் மைசூன். ஏறினோம். நான் ஊற்றி நீட்டினேன்.

"இப்பத்தானே குடிச்சேன்" என்றான்.

"அது நான் கெடுத்த காப்பி. மன்னிச்சுக்கடா. இது புதுசு."

வாங்கினான். ஸ்டியரிங்கின் முன்னால் மெதுவாக வைத்தான். இந்த முறை நான் கிண்டல் செய்யவில்லை. "கேளு ஃபவ்வாஸ்" என்றேன்.

அவன் கோப்பையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான். மைசூன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, என்ன ரொட்டி வேண்டும் என்று கேட்பது போல நேராகக் கேட்டார்: "உயிரை விட்டுடலாம்னு நெனப்பு இருக்கா ஃபவ்வாஸ்?"

இப்படியா கேட்பார்கள், இல்லாத நினைப்பை நாமே எடுத்துக் கொடுத்தது போல ஆகாதா என்று பதறினேன். ஃபவ்வாஸ் மூச்சை விட்டான். பல மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு.

"இருக்கு அக்கா. ரொம்ப நாளா இருக்கு. யாரும் கேக்கல."

"ஏன்டா? உனக்கென்ன கொற?" என்று நான் கேட்டேன். மைசூன் என் காலை மிதித்தார். அந்த விரல் இன்னும் வலிக்கிறது தலைவர் அவர்களே!

அதற்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "தெரியல அபூ ஷாஹிர். காரணம் தெரிஞ்சா அதோட மல்லுக்கட்டியிருப்பேன்."

"சரி, இப்ப என்ன வேணும்?" என்றார் மைசூன்.

"தனியா வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு. யாராச்சும் கூட வரணும்."

"குடி" என்றேன். "வர்றோம்."

அவன் குடித்து முடிப்பதற்குள் வண்டிக்குள் எள் விழ இடமில்லை. வெளியே நிற்கச் சொன்னவர்கள் எல்லோரும் சன்னலில் காதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! அபூ ரக்கான் அந்த இரண்டாவது சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார். வாழ்க்கையில் முதல் முறையாக வளைவில் வேகத்தைக் குறைத்தார்.

அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். மைசூன் மருத்துவரிடம் கூட்டிப்போனார். மாத்திரை உண்டு, மாதம் ஒருமுறை பேச்சு உண்டு, நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. இதையெல்லாம் மறைக்காமல் சொல்லச் சொன்னதே ஃபவ்வாஸ்தான். "நீங்க என்னைக் கிண்டல் பண்ணினத மட்டும் முழுங்கிடாதீங்க" என்றும் சொன்னான். முழுங்கவில்லையடா, பார்த்தாயா!

முதல் மாதம் அவனைத் தனியே விடக்கூடாது என்று முறை போட்டோம். மூன்று சங்கமும் போட்டி போட்டுக்கொண்டு மன்சஃப் கொண்டுபோனதில் அவன் ஏழு கிலோ ஏறினான். "என்னைச் சாவுலேருந்து காப்பாத்தி சோத்தாலயே கொன்னுடுவீங்க போல" என்று அவன் சொன்ன அன்றுதான், பயல் தேறிவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. புறாக்களா? அவை ஒருநாளும் அவன் மாடியை விட்டுக்கொடுக்கவில்லை. "நன்றி கெட்ட ஜென்மங்க, என் கோதுமையைத் தின்னுட்டு உன் வீட்ல போய் உக்காருதுங்க" என்று உம் ஸனத் இன்றும் திட்டுகிறார்.

அந்த வியாழக்கிழமைதான் ஊருக்கு ஒரு வழி பிறந்தது. கடையிலோ, கூட்டுறவிலோ, முடிதிருத்தகத்திலோ யார் கோப்பையைக் குடிக்காமல் வைத்தாலும் விடாதே, கேள்! கேட்டதை உன்னிடமே வைத்துக்கொள்ளாதே. மூன்று சங்கத்துக்கும் இனி ஒரே எண், ஒரே அறை; திங்கள்தோறும் எல்லோரும் கூடும் அந்த அறையில் மைசூனிடம் சொல்! முதல் வாரமே அபூ மிஸ்லிஹ் பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டு நிமிடத்தில் மூன்று சங்கமும் சூழ்ந்துகொண்டன. "மனசுல என்ன மாமா? எங்ககிட்ட சொல்லுங்க மாமா!" அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "மனசுல ஒண்ணுமில்ல, நாக்குதான் வெந்துபோச்சு. இந்த ஹாயில் கொதிக்கக் கொதிக்க ஊத்துறான், அவனைப் புடிச்சுக் கேளுங்க!" என்றார்.

பரவாயில்லை ஐயா! நாக்குச் சுட்டவனிடம் நூறு முறை கேட்டு அசடு வழியலாம். நெஞ்சு சுட்டவனிடம் ஒருமுறை கேட்காமல் விடலாமா? இந்த ஓர் ஆண்டில் அந்த அறைக் கதவைத் தட்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். தோளைப் பிடித்துக் கூட்டிவரப்பட்டவர்களும் இருக்கிறார்கள். சிலர் இந்த மண்டபத்தில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது என் கோப்பைக்கு வருகிறேன். இன்று இங்கே எதற்குக் கூடினோம்? ஓர் ஆண்டுச் சோதனை ஓட்டம் முடிந்தது. திங்கட்கிழமை அறை தொடர்வதா, அவரவர் சங்கத்துக்கு அவரவர் அறையா என்று முடிவு செய்யக் கூடினோம். வாசலிலேயே கேட்டேன், மறுபடி பதாகைப் பேச்சு! உம் ஸனத் அவர்களே, புறாவைத் தனியே வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? அபூ ரக்கான் அவர்களே, சாவியைத் தனியே வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? ஷேக் அவர்களே, பாதர் அவர்களே, மன்னிப்புக் கேட்டு வருகிறவனை மறுபடியும் ஹஜ்ஜுக்கு அனுப்பப் போகிறீர்களா?

என் தேவை இதுதான். அந்த அறையைப் பிரிக்காதீர்கள். திங்கட்கிழமையை நிறுத்தாதீர்கள். பதாகையில் எந்தப் பெயரும் வேண்டாம். ஒரு கோப்பையை வரையுங்கள், போதும்! இதற்குச் சரி என்று நீங்கள் சொல்லும்வரை இந்தக் கோப்பை இங்கேயே இருக்கும். நானும் இங்கேயே இருப்பேன். பேசிக்கொண்டே இருப்பேன்! அந்தத் தண்டனையை யோசித்துப் பாருங்கள்!

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், என் காது மந்தம். 'குடி' என்கிறீர்களா? யார் முதலில் சொன்னது, அபூ ரக்கானா, உம் ஸனத்தா? அடடா, அதற்கும் சண்டையா! தலைவர் அவர்களும் தலையசைத்துவிட்டார்கள். பின்வரிசை? "குடி!" தாய்மார்கள்? "குடி!"

குடிக்கிறேன்.

சில்லிட்டுப் போயிருக்கிறது. என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல காப்பி குடித்ததில்லை.

என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கு நன்றி. என் கிண்டலைப் பொறுத்த பெரியவர்களுக்கு நன்றி. துயரத்தோடும் வந்து அமர்ந்த அந்த இரண்டு தாய்மார்களுக்கு என் வணக்கம். அமைதி உங்கள் எல்லோர் வாசலிலும் தங்கட்டும்.

ஆனால் ஒன்று. இன்றைக்கு எனக்குப் பதிலாகக் கூஜாவைப் பிடித்துக்கொண்டு உங்களுக்கெல்லாம் ஊற்றியது யார் என்று கவனித்தீர்களா? அதோ, மேடை ஓரத்தில் ஏழு கிலோ கூடுதலாக நிற்கிறான். ஃபவ்வாஸ், இங்கே வா. நான் கோப்பையை ஆட்டமாட்டேன், போதும் என்று சொல்லமாட்டேன். ஊற்று, இன்னும் ஒன்று ஊற்று, இந்த முறை சூடாக!